காத்தமுத்துவின் முடிச்சுக் கயிறு

என் பிரியமான காத்தமுத்து,

நீ இருந்தபோது ஒருநாளும் உன்னை இப்படி அழைத்ததில்லை. "ஏய், உப்பூர்க்காரா" என்பேன். இல்லாவிட்டால் "அந்தாளு" என்பேன், அதுவும் உன் காதில் விழும்படி. இப்போது பிரியமான என்று எழுதிவிட்டு, படிக்கிறவர்கள் சிரிப்பார்களோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. சிரிக்கட்டும்.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பாம்பன் கரையில் நம் வலைக் கொட்டகையில் எல்லாரையும் உட்காரவைத்து இதைச் சத்தம் போட்டுப் படிக்கப் போகிறேன். உன்னைத் திருடன் என்று நான் சொன்னது அந்த இடத்தில், அந்த ஆட்கள் முன்னால்தானே. அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் அங்கேயே நடக்கட்டும். நீ கேட்பாயா மாட்டாயா என்பதை நம்ம பங்குச் சாமியாரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் முழுசாக நம்பவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நீ முதன்முதலில் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கும் ஞாயிறுதான். நாங்கள் கடலுக்குப் போகாத நாள். கொட்டகையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே அம்பா பாடிக்கொண்டிருந்தோம். வலை இழுக்கும்போது ஒருவன் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கி இழுப்போமே, அந்தப் பாட்டு. அடியெடுத்துக் கொடுப்பவன் நான். ராமேஸ்வரம் போகிற ரயிலிலிருந்து இறங்கி, தோளில் ஒரு துணிப்பையோடு வந்து கம்பத்தில் சாய்ந்து நின்றாய். பாட்டு நிற்கும்வரை நீ வாய் திறக்கவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. சும்மா நின்று கேட்கிறவனை நான் எப்போதுமே நம்புவதில்லை.

"எதுக்கு வந்த?" என்று கேட்டேன்.

"எங்கூர்ல மிளகாத் தோட்டத்துக் கெணத்துல ஏத்தம் எறைக்கப் பாடுவேங்க. அப்பறம் திருவிழா, கந்தூரின்னு ஊரு ஊராப் போயிப் பாடுறது. இங்கன அம்பது பேரு ஒண்ணாச் சேந்து பாடி இழுக்குறாகன்னு ஏர்வாடியில சொன்னாக. கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்" என்றாய்.

பாட்டுக் கேட்க ஒருவன் ரயிலேறி வருவானா? அந்தச் சமயம் கள்ளத்தோணிக் கெடுபிடி அதிகம். இலங்கைக்கு ஆள் ஏற்றுகிறார்களா என்று பார்க்கக் கரைக்குக் கரை உளவாளி திரிவதாகப் பேச்சு. உன் காலைப் பார்த்தேன். வெடித்த பாதம், சேற்றுத் தழும்பு. உளவாளிக்கு இப்படிக் காலா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு, கெட்டிக்கார உளவாளி காலைக்கூடத் தயார் பண்ணிக்கொண்டு வருவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் புத்தி அப்படி.

"உங்கள எப்டிக் கூப்புடட்டும்? அண்ணேங்கவா, மாமாங்கவா?" என்று கேட்டாய்.

"ஒரு முறையும் வேணாம். பேரு சூசை. பேரச் சொல்லு போதும்" என்றேன்.

முறை சொல்லிக் கூப்பிடுகிறவன் நாளைக்கு வீட்டுக்குள் வருவான், அதற்கு மறுநாள் என்ன கேட்பானோ என்று பயம். என்னைவிட ஆறேழு வயது சின்னவன் நீ. மூத்தவனைப் பேர் சொல்ல உனக்கு நாக்கு புரளவில்லை. ஐந்து மாதமும் ‘ஏங்க’, ‘இந்தாங்க’, ‘வந்துங்க’ என்றே ஓட்டினாய். பெயரும் இல்லாமல் முறையும் இல்லாமல் ஒரு மனுஷனோடு ஐந்து மாதம் பேசுவது எவ்வளவு சிரமம் என்று அப்போது நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

வாரம் முழுக்க ராமேஸ்வரத்தில் யாத்திரைக்காரர்களுக்குப் பாடுவாய். ஞாயிறு ஆனால் இங்கே வந்து நிற்பாய். உன் குரலை யாரும் குறை சொல்லவில்லை. எங்களுக்கெல்லாம் மூத்த மிக்கேல் அண்ணன் சொல்வார், "அவன் பாடுனா தைக்கிற ஊசி தானாப் போவுதுலே" என்று. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் எரிச்சல் கூடியது. எங்கள் பாட்டை எங்களைவிட நன்றாகப் பாடுகிறவனுக்கு ஏதோ உள்நோக்கம் இருக்க வேண்டும் அல்லவா?

ஆனால் ஒன்று மட்டும் உனக்குப் பிடிபடவில்லை. இழுக்கிற இடம். ஏற்றப் பாட்டில் அடி தொடங்கும்போதே காலை மிதித்துப் பழகியவன் நீ. எங்களுக்கோ அடி முடிந்து ‘ஏலேலோ’வின் நடுவில்தான் கை இழுக்கும். ஒரு திங்கட்கிழமை கரைவலை இழுக்க ஆசைப்பட்டு நீயும் கயிற்றைப் பிடித்தாய். நீ முந்தி இழுக்க, உனக்கு முன்னால் நின்றவர்கள் வரிசையாக மணலில் மல்லாந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும், இவன் வேண்டுமென்றே தாளத்தைக் கெடுக்கிறானோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் அந்தக் கயிறு என் கண்ணில் பட்டது. விரல் கனமுள்ள பனைநார்க் கயிறு. நான் பாடப் பாட, நீ மடியில் வைத்து அதில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாய்.

காத்தமுத்து, உங்கள் ஊரில் முடிச்சுக் கயிற்றைப் பார்த்தால் மாடு கட்டவா என்று கேட்பார்கள். கடலில் பிழைப்பவன் கண்ணுக்கு அது ஒன்றே ஒன்றுதான். ஆழம் பார்க்கிற கயிறு. நுனியில் ஈயக்குண்டு, இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம், பாகத்துக்கு ஒரு முடிச்சு, எத்தனை முடிச்சு நனைந்ததோ அத்தனை பாகம் தண்ணீர். அதைவிட மோசம், நீ முடிச்சுப் போட்ட பாட்டு எது தெரியுமா? எங்கள் பாரைச் சொல்லுகிற பாட்டு.

பார் என்றால் கடலடியில் மீன் அடைகிற பாறைத் திட்டு. எங்கள் கரைக்கு என்று ஒன்று இருக்கிறது. அதன் அடையாளம் அந்த அம்பாவின் மூன்றாவது அடியில் இருக்கிறது. கரையில் இருக்கிற எந்த இரண்டு பொருள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேராகத் தெரிகிறதோ, அங்கே நங்கூரம் போடு என்று சொல்லும் அடி. வேற்றூருக்குக் கல்யாணத்துக்கோ திருநாளுக்கோ போனால் அந்த ஓர் அடியை விழுங்கிவிட்டுத்தான் பாடுவோம். உன் முன்னால் அதை விழுங்காமல் இரண்டு வாரம் பாடியிருந்தேன்! இவன் அடையாளத்தையும் ஆழத்தையும் முடிந்துகொண்டு போய் அடுத்த கரைக்காரனிடம் கொடுக்கப் போகிறான் என்று என் வீட்டுக்காரி ரோசம்மாவிடம் புலம்பினேன். "உங்களுக்கு வேற வேல இல்ல" என்று அவள் மீன் அரிவதைத் தொடர்ந்தாள்.

நீ இரண்டு வாரமும் எங்கள் அரட்டையில்தான் கவனமாக இருந்தாய், அடி மனசில் பதிந்திருக்காது என்று என்னைத் தேற்றிக்கொண்டு ஒரு பொறி வைத்தேன். கொட்டகை ஆட்களைத் தனியாகக் கூப்பிட்டு, இனி இவன் முன்னால் அந்த அடியை மாற்றிப் பாடுவோம் என்றேன்.

சிலுவைக்கு நேரா – ஏலேலோ
ஒத்தப்பனை நிக்குதடா – ஏலேலோ

இதுதான் நான் கட்டிய பொய் அடி. அந்த நேரில் போனால் மீன் இல்லை. கொம்பன் கல் இருக்கிறது. வலையைப் போட்டால் நார் நாராகக் கிழித்துவிடும். அங்கே என்றைக்காவது வேற்றூர் வள்ளம் வந்து நின்றால் பாட்டை விற்றவன் நீதான் என்று ருசுவாகிவிடும். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. மிக்கேல் அண்ணன் மட்டும், "பாட்டுல பொய் வைக்காதலே சூசை. வாயி பழகிரும்" என்றார். நான் கேட்கவில்லை.

நீ அந்தப் பொய் அடியை எவ்வளவு ஆசையாகப் பாடினாய்! மாறியிருக்கிறதே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததையும் சந்தேகக் கணக்கில் எழுதிக்கொண்டேன். நடுவில் களை வெட்டுக்கு என்று ஊருக்குப் போய் இருபது நாள் கழித்து வந்தாய். எந்தக் களையோ என்று நினைத்தேன்.

அந்த இருபது நாளுக்குள்தான் ரோசம்மாவின் அக்கா மகளுக்குக் கல்யாணம். மண்டபம் ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு கரை. பேரை எழுதினால் வம்பு. நானும் ரோசம்மாவும் போய்விட்டு வந்தோம். இதை ஏன் சொல்கிறேன் என்று கொஞ்சம் பொறுத்துப் பார்.

நீ திரும்பி வந்த வாரம், விடிந்து கொஞ்ச நேரத்தில் கொம்பன் கல் பக்கம் இரண்டு வள்ளம் நிற்பதைப் பார்த்தோம். அந்தக் கரைக்காரர்கள். வலை கிழிந்து, கிழிந்ததைச் சுருட்டிக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் பாயை விரித்துப் போனார்கள். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

அந்த ஞாயிறை நீ மறந்திருக்க மாட்டாய். நீ பையைக் கீழே வைக்குமுன் எழுந்து நின்றேன். "எத்தன பேருக்குலே வித்த எங்க பாட்ட?" என்றேன். உனக்குப் புரியவில்லை. பொறி வைத்ததையும், பொய் அடி கட்டியதையும், வள்ளம் வந்ததையும் வரிசையாகச் சொன்னேன். உன் பையில் கையை விட்டு அந்தக் கயிற்றை இழுத்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன். "இது என்னது? ஆழம் பாக்குற கயிறுதான?"

"இல்லைங்க. இழுக்குற எடம் மறந்துபோகுதுங்க. அதான் முடிஞ்சு வச்சேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க" என்றாய்.

யாரோ பின்னால் சிரித்தார்கள். நான் அரிவாளால் கயிற்றை மூன்றாக வெட்டிக் கடலில் எறிந்தேன். கடல் பக்கத்தில்தானே, நாலு எட்டு.

நீ கோபப்படுவாய் என்று பார்த்தேன். சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாய்.

"அப்ப எனக்குப் பொய்ப் பாட்டாங்க சொல்லிக் குடுத்தீக?"

திருடன் என்றதற்கு நீ பதில் சொல்லவில்லை. பாட்டைப் பற்றித்தான் கேட்டாய். நீ ஸ்டேஷன் பக்கம் நடந்தாய். மிக்கேல் அண்ணன் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார். அன்றைக்குக் கொட்டகையில் யாரும் பாடவில்லை.

வீட்டுக்குப் போய் ரோசம்மாவிடம் வெற்றிக் கதையை விவரித்தேன். அவள் உலையிலிருந்து அகப்பையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பனை அடியையா? அத நீங்கதான பாடுனீக?"

"எங்க?"

"கல்யாண வீட்டுல. பந்தல்ல ஒக்காந்து மாப்பிள்ள வீட்டாளுக மத்தியில. அம்பது பேரு ஏலேலோ போட்டாக. ஏதோ வேணும்னே அவுகள ஏமாத்தப் பாடுறீகன்னு நெனச்சேன். அதான் நானும் வாயத் தொறக்கல."

கல்யாணச் சாராயம் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. விழுங்க வேண்டிய அடி வந்ததும், எப்போதும்போல அதை விழுங்குவதற்குப் பதிலாக, பல வாரமாகப் பாடிப் பழகிய பொய் அடி தானாக வந்து விழுந்திருக்கிறது. அது எனக்கே தெரியவில்லை. மிக்கேல் அண்ணன் சொன்னபடி வாய் பழகிவிட்டது. ஐந்து மாதம் உன் ஒவ்வொரு அசைவையும் சந்தேகப்பட்டேன், காத்தமுத்து. என்னை மட்டும் விட்டுவிட்டேன்.

மறுநாளே வந்து உன் காலில் விழுந்திருக்க வேண்டும். ராமேஸ்வரத்துக்கு என்ன, ஒரு ஸ்டேஷன் இரண்டு ஸ்டேஷன். நான் போகவில்லை. வெட்கம். கொட்டகையில் சொன்னால் மானம் போகும் என்ற பயம். "யாருக்கிட்டயும் சொல்லாத" என்று ரோசம்மாவின் வாயை அடைத்தேன். இன்று போவோம், நாளை போவோம் என்று ஒன்றரை வருஷம் ஓட்டினேன். நீ ராமேஸ்வரத்தில் பாடுவதில்லை என்று சொன்னார்கள். ஊரோடு போய்விட்டானாக்கும் என்று சும்மா இருந்தேன்.

போன மாதம் ஒரு கார்டு வந்தது. ஓரத்தில் கறுப்பு மை தடவியது. "சூசை அண்ணன், வலைக் கொட்டகை, பாம்பன்" என்று விலாசம். காய்ச்சலில் நீ காலமானாய், வியாழக்கிழமை கருமாதி என்று உங்கள் ஊர் வாத்தியார் எழுதியிருந்தார். எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? சொல்லக் கூசுகிறது. என்னை வரவழைத்து நாலு பேரை வைத்து அடிக்கத் திட்டமோ என்றுதான் தோன்றியது. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரோசம்மா அதை என் கையிலிருந்து பிடுங்கி, "போய்ட்டு வாங்க. போகாம வந்தீகன்னா இந்த வீட்டுல ஒலை வைக்க மாட்டேன்" என்றாள்.

ரயிலில் இராமநாதபுரம் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் உப்பூர் இறங்கி, உன் ஊருக்கு உள்ளே தள்ளி நடந்தேன். ஊருணி தாண்டி வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார்கள். பாடிக்கொண்டிருந்தார்கள். நாலு அடி நடந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அது எங்கள் அம்பா.

பழைய பேய் மறுபடி வந்து என் தோளில் ஏறிக்கொண்டது. பார்த்தாயா, ஊரெல்லாம் பரப்பியிருக்கிறான்! உன் கருமாதிக்கு வந்தவன், வரப்பில் நின்று உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். முதல் அடி போனது. இரண்டாவது போனது. ‘ஏலேலோ’வின் நடுவில், சரியான இடத்தில், அத்தனை கையும் ஒன்றாகக் களையைப் பிடுங்கியது. மூன்றாவது அடி வந்தது.

ஊருணிக் கரை மேல – ஏலேலோ
எங்கண்ணன் வலை காயுதடா – ஏலேலோ

சிலுவை இல்லை. பனை இல்லை. எங்கள் கடலின் எந்த அடையாளமும் இல்லை. நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெண் நிமிர்ந்து, "யாருய்யா அது, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

உன் வீட்டு வாசலில் சாமான் எடுத்து வைத்துக்கொண்டிருந்த பெரியவர், "எந்த ஊரு? செத்தவருக்கு நீங்க என்ன முறை?" என்று கேட்டார். கேட்கத்தான் செய்வார்கள். முறை வேண்டாம் என்றவன் எந்த முறையைச் சொல்வது? பாம்பன் என்று ஊரை மட்டும் சொன்னேன். உள்ளேயிருந்து உன் பெண்சாதி பஞ்சவர்ணம் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணனய்யா அவுக. பாம்பன் அண்ணன்."

நான் வேண்டாம் என்று சொன்ன முறையை நீ என்னிடம் சொல்லாமல் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாய். "எங்க அண்ணன் அங்கன இருக்காகன்னு எப்பயும் சொல்லுவாரு" என்றாள். சடங்கு முடிந்தபிறகு அந்த மூன்றாவது அடியைப் பற்றிக் கேட்டேன்.

"அதுல வேற சொல்லு இருந்துச்சாம். கடக்காரவுகளுக்குள்ள உள்ள சொல்லு, நம்ம வெளிய பாடப்புடாதுன்னாரு. களை வெட்டுக்கு வந்தாருல்ல, அப்பவே மாத்திட்டாரு. எங்களுக்கே அது என்னன்னு தெரியாது."

அப்பவே! நான் உன்னைத் திருடன் என்று சொல்வதற்கு முன்பே. யாரும் சொல்லாமலே உனக்குத் தெரிந்திருக்கிறது, எது எங்கள் வீட்டுச் சொல், எது ஊருக்குச் சொல் என்று. பொய்யான ஒரு அடியை மெய்யென்று நம்பி எனக்காகக் காப்பாற்றியிருக்கிறாய்.

"அப்பறம் ஏன் அங்கன வரலைன்னு ஒண்ணும் சொல்லலையாம்மா?" என்றேன். பயந்துகொண்டுதான் கேட்டேன்.

"கேட்டேன். அண்ணன் ஏதோ மனக்கஷ்டத்துல இருக்காக, கொஞ்ச நாளு பொறுத்துப் போவோம்னாரு" என்றாள்.

அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாய். அரிவாளைச் சொல்லவில்லை, சிரித்தவர்களைச் சொல்லவில்லை. நான் அங்கே அழுதேன். கருமாதி வீட்டில் அழுவதை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நல்லதாய்ப் போயிற்று. புறப்படும்போது பஞ்சவர்ணம் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். பனைநார்க் கயிறு. ஊருக்கு வந்து மறுபடி ஞாபகத்திலிருந்து முடிந்தாயாம்.

இங்கே சேதி என்ன சொல்ல? நைலான் வலை வந்திருக்கிறது. அதை நான் இன்னும் நம்பவில்லை, மற்றவர்கள் வாங்கிவிட்டார்கள். மிக்கேல் அண்ணனுக்குப் பார்வை மங்கிவிட்டது. உன் கயிற்றை அவர் கையில் கொடுத்து, நாங்கள் பாட, அவர் ஒவ்வொரு முடிச்சாகத் தடவிக்கொண்டே வந்தார். எல்லா முடிச்சும் இழுக்கிற இடத்தில் சரியாக விழுந்தது. "பயபுள்ள கத்துக்கிட்டானே" என்றார். அவருக்கு மட்டும் கல்யாண வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கு இந்த ஞாயிறுதான் தெரியவரும். திட்டுவார்கள். திட்டட்டும். நீ நின்ற கம்பத்தில் அந்தக் கயிற்றைக் கட்டியிருக்கிறேன்.

பொய் அடியை இனி எவனும் பாடக் கூடாது என்று சொல்லியாயிற்று. வேற்றூரில் பாடும்போது மூன்றாவது அடியை விழுங்குவதும் இல்லை. அந்த இடத்தில் ஊருணிக் கரைதான். அண்ணன் வலைதான்.

ஒரு கடன் பாக்கி. உனக்கு நான் உண்மையான அடியைச் சொல்லித் தரவில்லை. நீ இரண்டு வாரம் கேட்டது மனசில் நின்றதா இல்லையா, எனக்குத் தெரியாது. உன் வருஷத் திவசத்துக்கு வருவேன். ஊருணிக் கரையில் நின்று, சரியான அடையாளத்தை, சரியான அடியோடு, உனக்கு மட்டும் கேட்கும்படி பாடுவேன். இது சத்தியம். அதை இங்கே எழுதமாட்டேன், காத்தமுத்து. கோபித்துக்கொள்ளாதே. நாளைக்கு யார் கையிலும் கிடைக்கக்கூடிய காகிதம் இது. உன்னைத் தவிர வேறு யாரை நம்பி நான் அதைச் சொல்வது?

முறை வேண்டாம் என்று சொன்ன
உன் அண்ணன்
சூசை